பழைய வார்ப்பிரும்புக் கழிவுக்குழாயைக் கழற்றுதல்: புதிதாக இறங்குவோருக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பழைய வீடு வாங்குகிறவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், வயரிங்கைப் பார்ப்பார்கள், கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். பின்சுவரில் கறுப்பாக நிற்கும் கழிவுக்குழாயைப் பார்க்கிறவர் குறைவு. மேல்மாடிக் கக்கூஸ் தண்ணீர் சுவரில் கறையாக இறங்கிய பிறகுதான் அதன் ஞாபகம் வரும். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் வந்து, "சம்மட்டியால் நாலு போடு, தானா விழும்" என்பார். விழும்தான். எங்கே விழும், யார் மேல் விழும் என்பதைத்தான் அவர் சொல்லமாட்டார்.

இரண்டு ஆள் உதவியோடு சொந்தமாகச் செய்ய நினைப்பவருக்கும், கொன்ரேக்டரை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்க்கப் போகிறவருக்கும் இதை எழுதுகிறேன். பழைய வீடுகளில் குழாய் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: குழாயை வெட்ட அரை நாள் போதும். அது எதன் பலத்தில் நிற்கிறது, யார் வீட்டுத் தண்ணீரைச் சுமக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கொடுக்க மனமில்லாதவர் ஆளை அழைத்துவிடுவது நல்லது.

இது எந்த வீட்டில் இருக்கும்

தோட்டத்து லயத்து வீடுகளில் தேட வேண்டாம். அங்கே கக்கூஸே வெளியில்தான் இருந்தது. பாசார் பக்கத்து இரண்டு மாடிக் கடைவீடுகள், பழைய அரசாங்கக் குவாட்டர்ஸ், துரை பங்களா, கிராணி வீடு, தோட்ட மருத்துவமனை போன்ற கட்டடங்களில்தான் வார்ப்பிரும்பு கிடைக்கும். கடைவீட்டில் அநேகமாகப் பின்சந்துப் பக்கச் சுவரை ஒட்டி நான்கு அங்குலக் குழாய் ஒன்று நேராக இறங்கி, மேலே கூரையைத் தாண்டி வாய் திறந்து நிற்கும். மேல் பகுதி காற்றுப் போக. கீழ்ப் பகுதி கக்கூஸ் கழிவு இறங்க. பக்கத்திலேயே இரண்டு அல்லது மூன்று அங்குலத்தில் இன்னொன்று இருந்தால் அது குளியலறை, குசினித் தண்ணீர். பழைய வீடுகளில் அந்தத் தண்ணீர் நேராக லோங்காங் சாக்கடையில் விழும், செப்டிக் டேங்குக்குப் போகாது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு வேலையைத் தொடங்கினால் பிறகு இணைக்கும்போது குழப்பம்.

குழாய் உண்மையில் இரும்புதானா

இந்தச் சோதனையைத் தாண்டிப் போகவே கூடாது. அதே காலத்து வீடுகளில் அஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாயும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். மேலே இரண்டு மூன்று கோட் பெயிண்ட் ஏறிவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது. கிரைண்டரை வைத்த பிறகு சாம்பல் நிறத் தூசு பறந்தால் அப்போது தெரிந்து பயனில்லை. அந்த நார் நுரையீரலுக்குள் போய்விட்டால் திரும்பி வராது.

ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். குழாயின் மேலே, நடுவே, கீழே, வளைவுகளில் என்று தனித்தனியாக வைத்துப் பாருங்கள். ஏன் பல இடத்தில் என்றால், கீழ்ப் பாதி இரும்பாகவும் கூரைக்கு மேலே போகும் காற்றுக்குழாய் மட்டும் அஸ்பெஸ்டாஸாகவும் இருக்கும் வீடுகள் உண்டு. காந்தம் பிடித்தால் இரும்பு. பிடிக்காவிட்டால் அஸ்பெஸ்டாஸாகவோ, நிலத்தருகே சுட்ட மண் குழாயாகவோ, பின்னால் யாரோ மாற்றிய பிவிசியாகவோ இருக்கலாம். அஸ்பெஸ்டாஸ் என்று சந்தேகம் வந்தாலே வெட்டக்கூடாது, துளைக்கக்கூடாது, தேய்க்கக்கூடாது. உடையாமல் இருந்தால் அப்படியே விட்டுவிட்டு, அதற்கென்று பழக்கப்பட்ட கொன்ரேக்டரை அழையுங்கள். அதன் தூசும் நாரும் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் எஸ்டபிள்யூ 201 என்ற வகையில் வருகின்றன. சாதாரணக் குப்பைத் தொட்டியில் போட முடியாது.

இரும்புதான் என்று உறுதியானால் அடுத்தது அதன் உடல்நிலை. ஸ்குரூ டிரைவர் முனையால் குழாயின் பல இடங்களை அழுத்திச் சுரண்டிப் பாருங்கள். நல்ல வார்ப்பிரும்பில் கீறல் மட்டும் விழும். சுத்தியல் பிடியால் தட்டினால் மணிச் சத்தம் வரும். கெட்டுப்போன இடத்தில் முனை உள்ளே இறங்கும். கறுப்புத் தூள் பென்சில் கரியைப் போல விரலில் ஒட்டும். அது உண்மையில் பென்சிலில் இருக்கும் அதே கரிதான். வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் செதில் செதிலாக இருக்கிறது. பல ஆண்டு ஈரத்தில் இரும்பு கரைந்து போய்விட, கிராஃபைட் மட்டும் குழாயின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பார்வைக்கு முழுக் குழாய், பலம் ஒன்றும் கிடையாது. இப்படிப்பட்ட குழாயில் கயிறு கட்டினால் கயிறு கட்டிய இடமே உடையும்.

படுக்கையாகப் போகும் குழாயில் அரிப்பு பெரும்பாலும் மேற்பக்கம் இருக்கும். கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு மேல்சுவரில் படிந்து, அங்குள்ள நுண்ணுயிர் அதைக் கந்தக அமிலமாக மாற்றிவிடுகிறது. அதனால் கீழே நின்று பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட வேண்டாம். கையை மேலே விட்டுத் தடவிப் பாருங்கள், கையுறையோடு.

யார் யார் வீட்டுத் தண்ணீர்

கடைவீட்டு வரிசையில் இரண்டு வீட்டுக்கு ஒரு நேர்க்குழாய் என்று கட்டியிருப்பது உண்டு. உங்கள் சுவரில் நிற்பதாலேயே அது உங்கள் குழாய் மட்டும் என்று ஆகிவிடாது. பக்கத்து வீட்டில் போய்க் கேளுங்கள். "ஆண்ட்டி, உங்க பாத்ரூம் தண்ணி எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டால், "தெரியலையே தம்பி, நான் வந்தப்பவே இப்படித்தான்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அவர் வீட்டுக் கக்கூஸில் நீல நிற வில்லை ஒன்றைக் கரைத்து ஃபிளஷ் செய்யச் சொல்லிவிட்டு, நீங்கள் மேன்ஹோல் பக்கம் நின்று நீலம் வருகிறதா என்று பாருங்கள். எந்த வீட்டுக் கக்கூஸ் கிண்ணத்திலிருந்து எங்கே வருகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டு வையுங்கள். குழாயைக் கழற்றும் அன்று அந்த வீட்டிலும் கக்கூஸை உபயோகிக்காமல் இருக்க வேண்டும். இதை முதல் நாளும் சொல்லி, காலையில் ஒருமுறை நேரிலும் சொல்லுங்கள். மறந்துபோய் ஒருவர் ஃபிளஷ் செய்தால் கீழே நிற்கும் ஆள் தலையில் வந்து விழும்.

அடுக்குமாடியாக இருந்தால் கதையே வேறு. பல வீட்டுக்குப் பொதுவான நேர்க்குழாய் பொதுச் சொத்து. 2013ஆம் ஆண்டு ஸ்திராத்தா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டப்படி அது நிர்வாகக் குழுவின் பொறுப்பு. அவர்கள் எழுத்தில் சொல்லாமல் கை வைக்கக்கூடாது.

தனி வீட்டில், உங்கள் எல்லைக்குள் இருக்கும் குழாய் உங்களுடையது. பொதுக் கழிவுக்குழாயும் அதன் மேன்ஹோலும் இண்டா வாட்டர் என்ற கழிவுநீர் நிறுவனத்தின் பொறுப்பு. பழைய குழாய் நின்ற இடத்திலேயே புதியதைப் போடுவது பழுதுபார்ப்பு. கக்கூஸை வேறு இடத்துக்கு மாற்றுவதோ சுவரை உடைப்பதோ இருந்தால் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சுங்கை சிப்புட் அவர்களுக்குக் கீழேதான் வருகிறது. பின்சந்தில் சாரம் போட்டு வழியை மறைப்பதாக இருந்தாலும் கேட்பது நல்லது.

செப்டிக் டேங்க் வீடு என்றால், கடைசியாக எப்போது மண்டி எடுத்தார்கள் என்று பாருங்கள். இரண்டு ஆண்டைத் தாண்டியிருந்தால் வேலைக்கு முந்திய வாரமே எடுக்க வைத்துவிடுங்கள். நிரம்பிய டேங்கில் தண்ணீர் குழாய்க்குள் ஏறி நிற்கும். அடியில் வெட்டியதும் எல்லாம் வெளியே வரும்.

வேலைக்கு முதல் நாள்

குழாய்க்குள் யாரும் அடைப்பு எடுக்கும் அமிலம் ஊற்றியிருக்கக் கூடாது. ஊற்றியிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, ஒரு நாள் கழித்துத் தொடங்குங்கள். கடைசியாக ஒருமுறை எல்லாக் கிண்ணங்களிலும் தண்ணீர் ஊற்றிக் குழாயைக் கழுவி விடுங்கள். கிருமியைக் கொல்ல குளோரோக்ஸ் (பிளீச்) ஊற்றலாம். ஆனால் அதே நாளில் அமிலக் கக்கூஸ் கிளீனரை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

பழைய வீடுகளில் மின்சாரத்தின் எர்த் வயரை ஏதாவது இரும்புக் குழாயில் கட்டியிருப்பார்கள். பச்சையாகவோ வெறும் செம்பாகவோ ஒரு கம்பி குழாயில் கிளிப் போட்டு இணைந்திருந்தால் அதை நீங்கள் கழற்றாதீர்கள். வயர்மேனை அழைத்து வீட்டுக்கு ஒழுங்கான எர்த் போட்ட பிறகுதான் குழாய் வேலை. டெஸ்ட் பென்னால் குழாயையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுங்கள். கிரைண்டரைச் செருகும் பிளக்குக்கு மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்க வேண்டும். அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா பாருங்கள். ஈரச் சுவரும் இரும்பும் கையில் கிரைண்டரும் இருக்கும் இடத்தில் இது அலங்காரத்துக்கு இல்லை.

சுற்றிலும் செம்பனை இருக்கும் ஊர் இது. செம்பனையில் எலி, எலி இருக்கும் இடத்தில் நாகம். உபயோகிக்காமல் கிடந்த குழாயின் அடி வளைவும் மேன்ஹோல் மூடிக்குக் கீழும் பாம்புக்கு நல்ல இடம்; பூரானுக்குச் சொல்லவே வேண்டாம். மூடியை நீளமான கம்பியால் நெம்பித் திறந்து, சிறிது நேரம் தள்ளி நில்லுங்கள். பாம்பைக் கண்டால் பாராங் கத்தியைத் தேடாமல் 999க்கு அடித்து பொம்பாவை (தீயணைப்புப் படையை) அழையுங்கள்.

உடம்பில் போட வேண்டியவை: முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், உள்ளே ரப்பர் கையுறை, அதற்கு மேல் தடித்த தோல் கையுறை, கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி, காதடைப்பு, ஹெல்மெட். முகத்துக்குச் சாதாரண மருத்துவ மாஸ்க் போதாது. குறைந்தது என்95, முடிந்தால் வடிகட்டி மாற்றும் அரை முக மாஸ்க். வெட்டும்போது பறப்பது இரும்புத் தூள் மட்டுமில்லை. காய்ந்த மலத்தின் தூசும், உள்பூச்சான தாரும், மேலிருக்கும் பழைய பெயிண்டும் சேர்ந்துதான் பறக்கும். அந்தக் காலத்துப் பெயிண்டில் காரீயம் உண்டு. அதைக் காய்ந்தபடி சுரண்டவோ மணல்தாள் போடவோ கூடாது. வெட்டப் போகும் இடத்தில் ஒருவர் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கலாம், கிரைண்டரில் படாமல்.

எடையை யார் பிடிப்பது

நான்கு அங்குல வார்ப்பிரும்புக் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 12 கிலோ. இரண்டு மாடி வீட்டில் கூரைக்கு மேல் வரை எட்டு மீட்டர் என்று வைத்தால் 100 கிலோவை நெருங்கும். சாக்கெட்டும் (அடுத்த குழாய் உட்காரும் அகன்ற வாய்) வளைவும் தனி. இவ்வளவும் சுவரில் அறைந்த சில ஆணிகளிலும் ஒன்றின் மேல் ஒன்றாகவும் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு குழாயின் சாக்கெட்டிலும் காது மாதிரி இரண்டு பக்கம் துளை இருக்கும். அதில் தடித்த ஆணி. ஆணி மரக்கட்டையில் இறங்கியிருக்கும், மரக்கட்டை செங்கல் சுவருக்குள். ஐம்பது அறுபது ஆண்டு மழை குடித்த அந்தக் கட்டையைக் கரையான் தின்று முடித்திருக்கலாம். குழாய் விழாமல் நிற்பது அடியில் இருக்கும் வளைவின் மேல் முழு எடையும் ஏறியிருப்பதால்தான். இந்த நிலையில் அடியில் வெட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் எப்போதும் மேலிருந்து கீழே. நடுவில் ஒரு துண்டு மட்டும் மாற்றுவதாக இருந்தால், வெட்டுக்கு மேலே உள்ள குழாயைச் சுற்றி இரும்புக் கிளாம்ப் போட்டு, அதைப் புதிய ஆங்கர் போல்ட்டால் நல்ல சுவரில் இறுக்கிய பிறகே வெட்ட வேண்டும். பழைய ஆணியை நம்பாதீர்கள்.

ஏணியில் நின்று கிரைண்டர் பிடிக்கக் கூடாது. ஒரு கை ஏணிக்கு, ஒரு கை குழாய்க்கு என்றால் கிரைண்டருக்குக் கை இல்லை. ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் சாரம் வாடகைக்குக் கிடைக்கிறது. கைப்பிடிக் கம்பி உள்ளதாக எடுங்கள், தரை சரிவாக இருந்தால் அடியில் பலகை கொடுங்கள். கூரைக்கு மேல் நிற்கும் பகுதிக்காகக் கூரை ஏற நினைக்கிறவர் முதலில் கூரை என்ன என்று பார்க்க வேண்டும். பழைய அலை அலையான அஸ்பெஸ்டாஸ் தகடு மனிதன் எடையைத் தாங்காது. ஒரு நொடியில் ஆள் உள்ளே போய்விடுவான். அப்படிப்பட்ட கூரை என்றால் சாரத்தைக் கூரைக்கு மேல் உயர்த்தி, பக்கவாட்டிலிருந்து வேலை செய்யுங்கள்.

வெட்டுதல்

வெட்டுவதற்கு மூன்று கருவி உண்டு. நல்ல நிலையில் உள்ள குழாய்க்குச் செயின் கட்டர் சிறந்தது: சிறு சிறு வெட்டுச் சக்கரங்கள் கோத்த சங்கிலியைக் குழாயைச் சுற்றிப் போட்டு, கொஞ்சம் இறுக்கி இப்படியும் அப்படியும் ஆட்டினால் சுற்றிலும் கோடு விழும், பிறகு கைப்பிடியை முழுக்க அழுத்தினால் டக்கென்று ஒரே சத்தத்தில் பிரியும். தீப்பொறி கிடையாது, தூசும் கிடையாது. ஆனால் அரித்துப்போன குழாயில் இதைப் போட்டால் முட்டை ஓடு மாதிரி நொறுங்கும். அப்போது கிரைண்டர், இரும்பு வெட்டும் வைரத் தகடு போட்டால் தகடு சிதறும் பயம் இல்லை. குழாய்க்கும் சுவருக்கும் இடையில் கிரைண்டர் நுழையாத இடத்தில், கார்பைடு பிளேடு போட்டு முன்னும் பின்னும் ஓடும் ரெசிப்ரோ மின்வாள். சம்மட்டி எதற்கும் தேவையில்லை என்று சொல்லமாட்டேன். தரைக்கு வந்த துண்டை உடைக்க அது வேண்டும். சுவரில் நிற்கும் குழாயில் அடித்தால் அதிர்ச்சி முழுக் குழாய்க்கும் போகும். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். எங்கே உடையும் என்று அது முன்னால் சொல்வதில்லை.

காலையில் தொடங்குங்கள். இந்தப் பக்கம் பிற்பகலில் மலைப் பக்கத்திலிருந்து இடியோடு மழை இறங்கினால் இரும்புச் சாரத்தின் மேல் நிற்கக்கூடாது.

முதலில் உச்சிக் குழாயின் வாயில், கயிறு கட்டிய ஈரச் சாக்கை, வெட்டப் போகும் இடத்துக்கு ஓர் அடி கீழே இறங்கும்படி திணியுங்கள். கீழிருந்து வரும் வாயு மேலே வராமலும் தீப்பொறி உள்ளே இறங்காமலும் அது தடுக்கும். செப்டிக் டேங்கில் மீத்தேன் உண்டு என்பதை மறக்க வேண்டாம். அந்தப் பக்கத்தில் சிகரெட்டும் கூடாது. கயிற்றின் மறுமுனையைச் சாரத்தில் கட்டி வையுங்கள்; இல்லாவிட்டால் சாக்கு அடி வளைவில் போய் உட்கார்ந்து புது அடைப்பு ஆகிவிடும். ஒவ்வொரு துண்டும் எடுத்த பிறகு சாக்கைக் கீழே தள்ளிக்கொண்டே வாருங்கள்.

வெட்டப் போகும் துண்டில் இரண்டு இடத்தில் கயிறு கட்டி, சாரத்தின் மேல் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி, உதவியாள் பிடிக்கட்டும். ஒரு துண்டு மூன்று அடிக்கு மேல் வேண்டாம்; அதுவே பதினொரு கிலோ. வெட்டை சாக்கெட்டுக்குச் சற்று மேலே வையுங்கள். சாக்கெட்டில் தடிமன் அதிகம், உள்ளே காரீயமும் இருக்கும், தகடு வழுக்கும். முன்பக்கமும் இரண்டு பக்கமும் வெட்டிய பிறகு வெட்டு வாயில் மர ஆப்பு ஒன்றைத் தட்டி வையுங்கள். மேல் எடை இறங்கி வெட்டு மூடிக்கொண்டால் தகடு மாட்டி, கிரைண்டர் உங்கள் பக்கம் திரும்பி அடிக்கும். பின்பக்கத்தை வாளால் முடியுங்கள். காது ஆணியைக் கடைசியில்தான் பிடுங்க வேண்டும், அதுவும் கயிறு இறுக்கமாக இருக்கும்போது.

கிரைண்டர் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. அதனால் என்ன சொல் என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். எங்கள் வேலையில் உதவிக்கு வருகிறவர் பல நாட்டுக்காரர். எல்லாருக்கும் பொதுவாக மலாய்ச் சொல்தான்: "தாஹான்" என்றால் பிடி, "தூருன்" என்றால் மெல்ல இறக்கு, "லெப்பாஸ்" என்றால் விடு. ஓர் ஆள் மட்டும்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை கீழே டீ கொண்டுவந்த வீட்டுக்காரர் ஆர்வத்தில் "விடு விடு" என்று குரல் கொடுக்க, கயிறு பிடித்த தம்பி மேலே பார்த்து, "அண்ணே, நீங்க சொன்னீங்களா?" என்று கேட்டான். நான் சொல்லவில்லை, அவனும் விடவில்லை. அந்தக் கேள்வி கேட்கிற ஆளைத்தான் கயிற்றில் வைக்க வேண்டும். கீழே குழாயின் உயரத்துக்குச் சமமான தூரத்துக்குக் கயிறு கட்டி, யாரும் வராமல் மறித்துவிடுங்கள்; பின்சந்து பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கு வழியாகப் போகும் பாதை.

மேல்மாடித் தரைக்கு அடியில் தொங்கும் படுக்கைக் குழாய்தான் மிகவும் சிரமமானது. எடை முழுவதும் துருப்பிடித்த பட்டையில் தொங்கும், உள்ளே தண்ணீரும் நிற்கும். வாளி வைத்துவிட்டு, குழாயின் அடிப்பக்கத்தில் சிறு துளை போட்டுத் தண்ணீரை வடித்துவிடுங்கள். பிறகு அடியில் மரத்தூண் முட்டுக் கொடுத்து, முட்டுக்கு முட்டு இடையில் வெட்டி, துண்டை முட்டின் மேலேயே உட்கார வைத்து இரண்டு பேராக இறக்குங்கள். குழாய்க்கு நேர் கீழே நின்று வெட்டவே கூடாது.

காரீய இணைப்பு

பழைய சாக்கெட்டில் தார் தோய்த்த சணலைத் திணித்து, அதன் மேல் காரீயத்தை உருக்கி ஊற்றி, உளியால் இறுக்கி அடைத்திருப்பார்கள். சிலர் கேஸ் டார்ச் வைத்து உருக்கி எடுக்கச் சொல்வார்கள். காரீயம் 327 பாகையிலேயே உருகும், டார்ச்சோ அதைப் போல் பல மடங்கு சூடு. அந்தச் சூட்டில் காரீயப் புகை எழும், தார்ச் சணல் பற்றும், பக்கத்தில் கழிவு வாயு. தேவையில்லாத ஆபத்து. புது பைப்பை எந்தச் சாக்கெட்டோடு இணைக்கப் போகிறீர்களோ அது ஒன்றைத் தவிர மற்ற இணைப்பைப் பிரிக்கவே வேண்டாம். அப்படியே வெட்டிக்கொண்டு போகலாம். பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் காரீய வளையத்தில் சிறு துளைகளை வரிசையாகப் போட்டு, குறுகிய உளியால் நெம்பினால் துண்டு துண்டாக வரும். துளையிட்ட சுருளைத் தரையில் விடாமல் தாளில் பிடியுங்கள்.

அடிப்பகுதி

கடைசி மூன்று அடிக்கு வந்ததும் கிரைண்டரைத் தள்ளி வையுங்கள். டேங்குக்கு அருகில் தீப்பொறி வேண்டாம். செயின் கட்டரோ கை ஹேக்சாவோ போதும், கொஞ்சம் நேரமாகும். தரைக்கு மேல் ஓர் அடி விட்டு வெட்டி, வாய் சுத்தமாக இருந்தால் அங்கேயே புது பைப்பை இணைக்கலாம். தரைக்குள் உள்ள வளைவும் அரித்திருந்தால் தோண்ட வேண்டியதுதான்.

மேன்ஹோலுக்குள்ளோ டேங்குக்குள்ளோ ஏதாவது விழுந்துவிட்டால் அதை எடுக்க இறங்காதீர்கள், தலையையும் நீட்டாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுவதுதான் இந்த விபத்துகளின் வழக்கம். ஒருவர் விழுந்தால் 999.

வெட்டிய வாயை அன்றைக்கே மூடுங்கள். இறுக்கி அடைக்கும் ரப்பர் பிளக் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். திறந்து விட்டால் நாற்றம், எலி, கரப்பான். கழற்றிப் போட்ட வளைவுகளையும் வானம் பார்த்தபடி வைக்காதீர்கள். ஒரு மழைக்கு உள்ளே தண்ணீர் நிற்கும், ஏடிஸ் முட்டை இடும். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டத்தில் சுகாதார இலாகா வீட்டுக்கே வந்து அபராதம் எழுதலாம்.

புது பைப் பற்றிச் சுருக்கமாக

சிரிம் தர முத்திரை உள்ள யூபிவிசி எடுங்கள். பழைய இரும்பின் வெளி விட்டம் ஏறக்குறைய 114 மில்லி மீட்டர், புதியது 110; இரண்டையும் அளந்துகொண்டு கடைக்குப் போய், எஃகுப் பட்டை போட்ட ரப்பர் கப்ளிங் வாங்கி இணையுங்கள். சிமெண்டு பூசி ஒட்டுவது சில மாதம்தான் நிற்கும். படுக்கையாகப் போகும் இடத்தில் 40 அடிக்கு ஓர் அடி சரிவு. யூபிவிசி வெயிலில் நீளும், ஆகவே நேர்க்குழாயில் நீள்வதற்கு இடம் விடும் சாக்கெட் ஒன்று வேண்டும். மேலே காற்றுக்குழாயைக் கூரைக்கு மேல் வரை கொண்டுபோங்கள், பூச்சி வலைத் தொப்பியோடு. செலவைக் குறைக்கக் கூரைக்குக் கீழேயே நிறுத்தினால் நாற்றம் வீட்டுக்குள்தான் சுற்றும்.

குளித்த பிறகும்

வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள்; காரீயத் தூசு பிள்ளைகளுக்குத்தான் அதிகக் கெடுதல். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாடோ வெற்றிலையோ சிகரெட்டோ வாய்க்குப் போகக்கூடாது. காலிலோ கையிலோ கீறல் பட்டிருந்தால் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கிளினிக்கில் கேளுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் டெங்கி என்று மட்டும் எண்ணிப் பானடோல் போட்டுப் படுக்காதீர்கள். டாக்டரிடம் "கழிவுக்குழாயில் வேலை பார்த்தேன்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். எலிக்காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது, நாள் கடந்தால் சிறுநீரகத்தைப் பிடிக்கும்.

பழைய இரும்பு

உடைத்த சிமெண்டும் செங்கல்லும் ரோரோ பின் என்னும் பெரிய வாடகைக் குப்பைத் தொட்டியில் போகட்டும். இரும்பைப் போடாதீர்கள், அது காசு. துண்டுகளைக் குளோரோக்ஸ் கலந்த தண்ணீரில் கழுவி, ஒரு நாள் வெயிலில் போட்டுப் பிறகு பெசி புரோக் என்னும் பழைய இரும்புக் கடைக்கு ஏற்றுங்கள். கழுவாத குழாயைச் சில கடைக்காரர் வாங்கவேமாட்டார், வாங்கினாலும் எடையில் கழிப்பார். இரும்புத் திருட்டு நடக்கும் ஊர் என்பதால் ஐசி (அடையாள அட்டை) கேட்பார்கள், கொடுங்கள். காரீயம் ஒட்டிய சாக்கெட்டுகளைத் தனியாக ஒரு சாக்கில் கட்டி எடுத்துப் போங்கள். காரீயத்துக்கு இரும்பைவிட விலை அதிகம். இரண்டையும் ஒன்றாகத் தராசில் ஏற்றினால் இரும்பு விலைதான் கைக்கு வரும்.